அப்பா தொட்டுப் பார்த்த பிராசஸர்

எங்கள் வீட்டில் எதை வாங்குவதென்றாலும் மாமாவைக் கேட்டுத்தான் வாங்குவோம். மிக்ஸி, டிவி, அம்மாவின் கண்ணாடிக்கு ஃபிரேம், எனக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அம்மாவின் அண்ணனான அவர் தேர்ந்தெடுத்தவை. அம்மாவுக்கு அப்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். அந்த ஒன்றில் மட்டும் தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதாக அவர் நினைத்தார் என்பது, எங்கள் வீட்டுக்கு வந்தால் எப்போதும் ஜன்னலோர நாற்காலியிலேயே அவர் உட்காருவதிலிருந்து தெரியும். அப்பாவுக்கு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாசனை கொஞ்சம் அவரோடு வீட்டுக்கு வந்துவிடும்.

அங்கே அவர் செலக்டர். பதப்படுத்திய ஆட்டுத்தோல்கள் அடுக்கடுக்காக அவர் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் புரட்டி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பின்பக்கம் சாக்பீஸால் எண் போடுவார். ஆடு உயிரோடு இருந்தபோது வேலியில் கிழித்துக்கொண்ட கோடு, உண்ணி கடித்த புள்ளி, உரித்தவன் கத்தி பட்ட இடம் எல்லாம் சாயத்துக்கு அடியில் இருந்தாலும் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெல்ட்டைக் கேட்டு வாங்கித் தடவிப் பார்ப்பார். அம்மாவுக்கு இதனால் பெரிய பேஜார்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். 2003. அப்பாவின் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இருந்தது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்ப் பல் தேய்த்து முகம் கழுவி வந்தால் அப்போதுதான் திரையில் மேகங்கள் தெரிய ஆரம்பிக்கும். அதில் நான் சொந்தமாகப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். பத்தாயிரம் வரை உள்ள பகா எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனால், கை கழுவிக்கொண்டு வரும்போதும் அது தேடிக்கொண்டே இருக்கும். பிறகு பாதியில் நின்றுபோக ஆரம்பித்தது. அந்த வருடம் போனஸ் வந்ததும் அதன் உள்ளே இருப்பவற்றை மட்டும் மாற்றிவிடலாம் என்று அப்பா சொன்னார். பெட்டியும் மானிட்டரும் கீபோர்டும் இருந்தபடியே இருக்கும். மதர்போர்டு, மெமரி, பிராசஸர் மூன்றும் புதிது.

அம்மா ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "இதான் கடைசி. இதுக்கப்புறம் உனக்குன்னு சேக்குறது நகைக்குத்தான்."

ஆகவே கணக்குத் தெளிவாக இருந்தது. பள்ளி முடிய மூன்றரை வருடம், இன்ஜினியரிங் நாலு வருடம். இப்போது வாங்குவது எட்டு வருடம் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் எனக்கு இன்னொன்று கிடையாது.

நான் ஒரு பட்டியல் போட்டேன். எதற்கும் பட்டியல் போடுவது அப்போதே என் வழக்கம். பள்ளி நூலகத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் படித்துப் பதினோரு வரிகள் எழுதினேன். எங்கள் கைக்கு எட்டும் பிராசஸர்கள் இரண்டே இரண்டு. ஒன்றின் வேகம் இரண்டு கிகாஹெர்ட்ஸ், விலை குறைவு. இன்னொன்றின் வேகம் ஒன்று புள்ளி எட்டுதான், ஆனால் விலை அதிகம். பார்த்தவுடன் யாரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். நான் எழுதியிருந்தது இரண்டாவதை.

பட்டியலை முதலில் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளில் அதற்குக் குங்குமம் வைத்தவர் அவர் என்பதால், எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர். தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்: விலை குறைந்த பிராசஸரை வாங்கினால் மிச்சத்தில் ஒரு பிரிண்டர் வாங்கலாம். எங்கள் தெருவின் நலச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மாதா மாதம் நோட்டீஸ் அடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மனப்பாடமாக இருந்த பட்டியலை அவரிடம் ஒப்பித்தேன். அவர் நிமிரவில்லை. எது ரொம்ப நாள் உழைக்கும் என்று மட்டும் கேட்டார். அவருக்கு எதைப் பற்றியும் அந்த ஒரு கேள்விதான். விலை அதிகமானது என்றேன். பிராசஸருக்குள்ளேயே ஒரு சின்ன நினைவகம் உண்டு, அதற்குக் கேஷ் என்று பெயர், அது இதில் நாலு மடங்கு பெரிது என்றேன். அவருக்குப் புரியவில்லை என்று தோன்றியதால் அவர் மேஜையையே உதாரணமாகச் சொன்னேன். மேஜை பெரிதாக இருந்தால் வேண்டிய தோல்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சின்னதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் குடோனுக்கு ஓட வேண்டும்.

"ஓடுறதுலயே ஷிஃப்ட் முடிஞ்சிடும்" என்றார் அப்பா.

மேலே சொல்லிக்கொண்டே போனேன். பிராசஸரின் அடியில் நானூற்று எழுபத்தெட்டு பின்கள் இருக்கும், ஊசியைவிட மெல்லியவை, கை படக்கூடாது, ஒன்று வளைந்தால்கூட போர்டில் உட்காராது என்றேன். பத்திரிகையில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்பா அடுத்த செருப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவர் கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றே மாமாவும் அப்பாவும் நானும் பஸ் ஏறி வேலூருக்குப் போனோம். பஜாருக்குப் பக்கத்துச் சந்தில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய கடை. கடைக்காரர் இளவயசு பாய். ஒவ்வொரு பொருளையும் கண்ணாடி மேஜைமீது ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்துக் காட்டினார். போர்டும் மெமரியும் உடனே முடிந்தன. பிராசஸர் என்றதும் இரண்டையும் எடுத்து வைத்தார். மாமா பட்டியலைச் சட்டைப் பையில் தேடினார். அது வேறு சட்டையில் இருந்தது.

கடைக்காரர் ஒன்று புள்ளி எட்டைக் காட்டி, "ரொம்ப நாள் வெச்சிக்கணும்னா இதான் சார். இதுல கேஷ் ஜாஸ்தி" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். கேஷ் ஜாஸ்தி. வேணாம்" என்றார் மாமா.

அந்தக் கேஷ் வேறு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் தலையில் கை வைத்து, "ரெண்டு பெருசா, ஒண்ணே முக்கால் பெருசா? ஒன்பதாவது படிக்கிற பொண்ணு" என்று கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கடை ஓரத்தில் வைத்திருந்த ஒரு பிரிண்டரின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும், காலையில்தான் சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமாவுக்கு எதிரே அப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார்.

அப்போது அப்பா மேஜைக்கு வந்தார். "ரெண்டையும் கொஞ்சம் குடுங்க பாய். கையில வெச்சிப் பாக்கறேன்."

கடைக்காரர் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அப்பா முதலில் விலை குறைந்ததை எடுத்தார். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, துணிமேல் வைத்தார். பிறகு மற்றதை எடுத்தார். திருப்பினார். பின்கள் இருந்த பக்கத்தில், தோலைத் தடவுகிற மாதிரியே, கட்டைவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"அண்ணே" என்றார் கடைக்காரர். பதறிக் கையை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தார். மூன்று பின்கள் சாய்ந்திருந்தன. மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "மாப்ள, இது இன்னா உங்க ஆட்டுத்தோலா, தடவிப் பாக்குறதுக்கு? நாலு பேரு இருக்கற எடத்துல மானத்த வாங்குறீங்களே" என்றார். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் அப்பாவின் விரல்களைப் பார்த்தார்கள். நகக்கண்ணில் சாயம் ஏறிய விரல்கள்.

"தப்புதான் மச்சான். பழக்கம்" என்றார் அப்பா.

கடைக்காரர் நல்ல மனிதர். உள்ளே லெட் இல்லாத மைக்ரோ டிப் பென்சில் ஒன்றை எடுத்து அதன் முனைக்குள் பின்னை நுழைத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். போர்டில் வைத்துப் பார்த்தார், உட்கார்ந்தது, ஓடியது. பரவாயில்லை, நீங்கள் கேட்டதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று விலை குறைந்ததை நகர்த்தி வைத்தார். மாமாவும் சரி என்று தலையாட்டினார்.

"அது எப்படி பாய்?" என்றார் அப்பா. "வளைஞ்சி நிமித்தினதுன்னு சொன்னா எவன் வாங்குவான்? சொல்லாம நீங்க விக்கலாமா? நான் கெடுத்தேன், நானே எடுத்துக்கறேன். பிரிண்டர் வேணாம்."

அவர் குரல் பணிவாகத்தான் இருந்தது. மாமா பிரிண்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்று கையைக் காட்டினார். நியாயம், நேர்மை என்று சங்கக் கூட்டங்களில் பேசுகிறவர் அவர்.

அந்தக் கம்ப்யூட்டர் எட்டு வருடமும் உழைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அம்மா அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிராசஸரைத் தோல் என்று நினைத்துத் தடவிய மாப்பிள்ளையின் கதையை மாமா எல்லா விசேஷங்களிலும் சொன்னார். வருடத்துக்கு வருடம் பின்களின் எண்ணிக்கை கூடியது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது என் வேலையே போர்டுகளைச் சோதிப்பதுதான். கை பட்டு வளைந்த பிராசஸர்கள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன. தெரியாமல் விரல் பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: யாரோ மிதித்துப்போன புல் மாதிரி, பத்து இருபது பின்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஒரு நாள் அப்படி ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடையின் துணியும் அதன்மேல் இருந்த பிராசஸரும் ஞாபகத்துக்கு வந்தன. அன்று வளைந்தவை மூன்றே மூன்று. மூன்றும் ஒரு மூலையில், அடுத்தடுத்து, ஒரே பக்கமாக, ஒரே அளவு சாய்ந்திருந்தன. உட்காராமல் போகும் அளவுக்கு, ஒடியாத அளவுக்கு. மற்ற பிராசஸரை அவர் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தார்.

நான் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பழக்கம் என்றுதான் சொல்வார்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கை படக்கூடாது என்று காலையில் அவ்வளவு விளக்கமாகச் சொல்லியும் என் பேச்சில் ஒரு சொல்கூட அவர் காதில் ஏறவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனாலும் அந்த இரண்டு பேர் அவர் விரல்களைப் பார்த்த பார்வை என்னைவிட்டுப் போகவில்லை. மாமா முன்னால் போய் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா நாலு வரிசை பின்னால் உட்கார்ந்து, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.