கடலுக்குப் போன டிராக்டர் டியூப்

எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய கோடையில், வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு சித்தப்பாவைக் கடலுக்கு அனுப்பிவைப்பது. நிறுத்தியது பள்ளிக்கூடத்தை மட்டும்தான். கவலைப்படுவதை அன்றும் நிறுத்தவில்லை, இன்றும் இல்லை. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் பாலம் இடிந்திருக்குமோ என்று யோசிக்கிற ஆள் நான். அதனால்தான் அம்மா சொன்னாள்:

"என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு இவள எழுதச் சொல்லுங்க தம்பி. நடக்கவே முடியாத விபத்தெல்லாம் இவளுக்குத்தான் தெரியும்."

குடவாசல் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். எங்களுக்கு மீன் என்றால் வாய்க்கால் கெண்டை, இல்லாவிட்டால் டிவிஎஸ் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற மீன்காரர் கொடுப்பது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு மனிதர் படகு பிடித்து, ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் தங்கி, எருமைநாக்கு பிடிக்கப் போகிறார். எருமைநாக்கு தட்டையான மீன். மணலோடு மணலாகப் படுத்திருக்கும். கண் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். சித்தி சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

சித்தி நாகப்பட்டினத்துப் பக்கம் கடற்கரை ஊர்ப் பெண். கம்ப்யூட்டர் சென்டரில் பழக்கமாகி, இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இறக்கிவிட்டார்கள். சித்தியின் அப்பா இறக்கவில்லை. போன் செய்தால் கட் பண்ணுவார். ஆள் அனுப்பினால் வாயையே திறக்க மாட்டார். இப்போது சித்திக்கு ஆறாவது மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு. பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஆள்கூட வராமல் எப்படி வளையல் அடுக்குவது என்று வீடே தவித்துக்கொண்டிருந்தது.

சித்தப்பா போகவிருந்த படகு சித்தியின் அப்பாவுடையது. இது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று சொல்லவில்லை. நான் பாட்டுக்கு மீனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படகு பேசி முடித்தது மீன்காரர். அந்தச் சமயம் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தன. ஃபைபர் படகு மட்டும் போகலாம். வெளியூர் பார்ட்டி கேட்டால் சித்தியின் அப்பா கூட்டிப் போவார், எருமைநாக்கு படுக்கிற இடம் அவருக்கு அத்துப்படி என்றார் மீன்காரர். எங்களுக்கும் அறுவடை முடிந்து, குறுவைக்குத் தண்ணீர் வராத சும்மா காலம். பார்ட்டி யார் என்று மட்டும் சித்தியின் அப்பாவிடம் சொல்லவில்லை. சித்தப்பா அட்வான்சுக்கு ரூபாயை எடுத்தபோது அம்மா தடுத்துவிட்டாள்.

"பணமா குடுக்காதீங்க தம்பி. நீங்கன்னு தெரிஞ்சதும் மூஞ்சில விட்டெறிஞ்சுடுவாரு. அரிசியா குடுத்து அனுப்புங்க. தின்னுட்டா எப்படித் திருப்பித் தருவாரு?"

"அண்ணி, நீங்க இருக்க வேண்டிய எடமே வேற," என்றார் சித்தப்பா. பத்து நாள் முன்னாடியே எங்கள் வயல் பொன்னி ஒரு மூட்டை மீன்காரர் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

நான் எட்டாம் வகுப்பு நோட்டில் மீதியிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழம். டார்ச் லைட். அதற்கு வேறு பேட்டரி. அந்த பேட்டரியும் தீர்ந்தால் தீப்பெட்டி. தீப்பெட்டி நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பை. மழை வந்தால் தலைக்கு உரச்சாக்கு. புளிசோறு. உப்பு.

"கடலுக்கு உப்பாடி எடுத்துட்டுப் போகச் சொல்ற?"

"அந்த உப்புத் தண்ணியத் தொட்டுக்கிட்டா சாப்பிடுவீங்க சித்தப்பா?"

எழுதிக்கொண்டேன். சித்தியிடம் போய், கடல் நம்ம போர்வெல் ஆழம் இருக்குமா என்று கேட்டேன். அவ்வளவெல்லாம் இருக்காது, ஆள் முழுக அதில் கால்வாசி போதும் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது. ஆற்றில் தண்ணீர் வந்தால் படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறவர். விடிந்ததும் ஓடிப்போய்க் கொட்டகையில் மாட்டியிருந்த டிராக்டர் பின்சக்கர டியூபை இறக்கினேன். அது இல்லாமல் போகக் கூடாது என்றேன். காற்று அடித்துத்தான் எடுத்துப் போக வேண்டும், கடலில் பம்புக்கு எங்கே போவது என்றேன். அழவும் செய்தேன்.

புதன்கிழமை மத்தியானம் குட்டியானை வண்டியின் பின்னால் அந்தப் பெரிய டியூபைக் கட்டிக்கொண்டு சித்தப்பாவும் மீன்காரரும் கிளம்பினார்கள். தெருவே நின்று பார்த்தது. "டிராக்டர் எங்கப்பா, பின்னால வருதா?" என்று ஒருவர் கேட்டார். சித்தப்பா திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி சித்தி கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மீன் ஆசை இவ்வளவு பொல்லாததா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணிக்குக் குட்டியானை திரும்பி வந்தது. சித்தப்பா முகம் வெளுத்து, சட்டையெல்லாம் செதிலாக இறங்கினார். ஈரச்சாக்கு ஒன்றை மீன்காரர் இறக்கி, வாசலில் பிரித்தார். அப்படியொரு மீனை எங்கள் தெரு பார்த்ததில்லை. அம்மா எடுத்து வந்த பெரிய தாம்பாளத்துக்கு வெளியே தலையும் வாலும் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு அது எங்களை முறைத்தது. பிள்ளைகள் கத்தினார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கி வந்தார்கள். நேற்று டிராக்டரைக் கேட்டவர் இன்று தாம்பாளத்துக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா நிமிர்ந்து நின்றதைப் பார்த்தால் கடலையே குத்தகைக்கு எடுத்துவிட்டவர் மாதிரி இருந்தது.

அப்போதுதான் முன் சீட்டிலிருந்து இன்னொருவர் இறங்கினார். கைலி, தோளில் துண்டு, வெயிலில் கறுத்த மனிதர். வாசல்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டார். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றார். படகு யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் மகளின் வயிற்றைப் பார்த்தார். மீனைப் பார்த்தார்.

"அருவாமனைய எடு. நீ வெட்டுனா பாதிய வீணாக்கிடுவ."

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமல் வெட்டிக்கொண்டே சொன்னார்: "அரிசி நல்லாருந்துச்சு. ஒங்கம்மாதான் கேக்கச் சொன்னா, எந்த வயலுன்னு."

அம்மா உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சித்தியின் அப்பா கை கழுவக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் மீன்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார். கரையில் சித்தப்பாவைப் பார்த்ததும் அவர், அட்வான்சைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாராம். "எதத் திருப்புவீங்க? பாதி மூட்டை தின்னாச்சே," என்று மீன்காரர் கேட்டிருக்கிறார். படகுப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சார ஏறச் சொல்லு," என்றாராம். அதற்கப்புறம் எல்லாம் சார்தான். சார் காலை மடக்கச் சொல்லு, சார் கயித்தை மிதிக்கிறாரு பாரு. நேராக ஒரு வார்த்தை இல்லை.

நங்கூரம் போட்டதும் சித்தப்பாவுக்கு வாந்தியில் குடலே வெளியே வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் ஐந்தும் தீர்ந்தது. உட்கார முடியாமல் இந்தப் பக்கம் ஒரு இடி, அந்தப் பக்கம் ஒரு இடி. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமனார், கடைசியில் எழுந்து அந்த டியூபை இழுத்து நடுப்படகில் போட்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்தாராம்.

"'இதுக்குள்ள ஒக்காருங்க மாப்ள. முதுக நல்லா சாச்சுக்குங்க'ன்னாரு."

"எப்படிச் சொன்னாரு?" என்றார் சித்தி.

"மாப்ளன்னாரு."

"நீங்க சொல்லுங்க, எப்படிச் சொன்னாரு?" என்று சித்தப்பாவைக் கேட்டார். அவரும் சொல்லிக் காட்டினார். சித்தி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். ஒரே வார்த்தையை எத்தனை தரம்தான் கேட்பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மீன் கதைக்கு வாருங்கள் என்றேன். விடியற்காலையில் டியூபுக்குள் உட்கார்ந்தபடியே சித்தப்பா பிடித்திருந்த தூண்டிலில்தான் அது மாட்டியிருக்கிறது. "விடாதீங்க மாப்ள, விட்டுடாதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படகே திரும்பிப் பார்த்ததாம்.

"அப்ப யாருமே தண்ணியில விழலையா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் விழல பாப்பா. ஒன் புண்ணியம்," என்றார் மீன்காரர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு யோசித்து அனுப்பினேன். அதைப் போய் முக்காலி மாதிரி போட்டு உட்கார்ந்து வந்திருக்கிறார்கள்.

ஊரெல்லாம் மணக்க அன்று சாப்பிட்டோம். அடுத்த மாதம் வளைகாப்புக்கு சித்தியின் அம்மா, அப்பா, இரண்டு அத்தைகள் என்று ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் நான் நோட்டை எடுத்துவைத்து, பட்டியலில் உபயோகப்பட்டதற்கெல்லாம் டிக் போட்டேன். எலுமிச்சம்பழம், டிக். உப்பு, டிக். டிராக்டர் டியூபுக்கு நேராக மட்டும், 'வேலைக்கு ஆகவில்லை' என்று எழுதினேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தி என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அதற்கு நேராகப் பெரிதாக ஒரு டிக் போட்டார். என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

பாவம், சித்திக்கு விஷயம் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து, அவர் தலை மறைந்ததும் அந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.