எட்டாவது பட்டை

மலாய் நாட்டுக் காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்குப் பின்னால் தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் எங்கள் மரவள்ளித் தோட்டம் இருந்தது. எட்டு வரிசைகள். ஏழில் செடி இடுப்பளவு நின்றது. எட்டாவது வரிசை ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. தண்டு முற்றிக் கட்டையாகிவிட்டது. ஊரே கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த வரிசையை மட்டும் நாங்கள் பிடுங்கவில்லை. களை எடுத்தோம், மண் அணைத்தோம். பிடுங்கவில்லை.

வெளியாருக்கு நாங்கள் உணவு உற்பத்திக் குழு. உண்மையில் நாங்கள் ஒரு சாரணர் அணி. ஜப்பானியர் வந்ததும் சாரணர் இயக்கத்துக்குத் தடை வந்தது. காக்கிச் சட்டைகளுக்குச் சாயம் போட்டோம், தொப்பிகளை எரித்தோம். அணிக்கு எட்டுப் பேர் என்ற பழைய கணக்கை மட்டும் விடவில்லை. எட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்துத் தோட்டம் போட அனுமதி கேட்டோம். பட்டணத்து அலுவலகத்தில் எட்டுத் துணிப் பட்டைகள் கொடுத்தார்கள். புரியாத எழுத்தும் ஒரு சிவப்பு முத்திரையும் இருக்கும். அதைக் கையில் கட்டியிருப்பவனை, ஜப்பானியர் சயாமில் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகமாட்டார்கள். தெருவில் லாரி வந்தால் பட்டை இல்லாதவர்கள் ஓடுவார்கள். நாங்கள் நின்று பார்ப்போம்.

அணித் தலைவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் தம்பியும் எங்கள் எண்மரில் ஒருவன். ஒரு காலையில் தம்பி பட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனான். சந்தை வாசலில் லாரி நின்றது. அன்று மத்தியானத்துக்குள் பட்டை காய்ந்துவிட்டது. தலைவன் அதைக் கொண்டுவந்து கருவிக் கொட்டகையின் ஆணியில் மாட்டினான். எட்டாவது வரிசை தம்பி நட்டது.

தினமும் மாலை ஐந்து மணிக்கு வருகைப் பதிவு நடக்கும். வரிசையாக நிற்க முடியாது, யாராவது பார்த்துவிடுவார்கள். குனிந்து மண்ணைக் கொத்திக்கொண்டே இருப்போம். தலைவன் தாழ்ந்த குரலில் பெயர்களைச் சொல்வான். ஒவ்வொருவரும் தலை நிமிராமல் “உள்ளேன்” என்போம். எட்டாவதாகத் தம்பியின் பெயரைச் சொல்லுவான். பிறகு காத்திருப்பான். என் மூச்சுக் கணக்கில் ஆறு மூச்சு. அதன் பிறகு மண்வெட்டியை ஒருமுறை ஓங்கி இறக்குவான், பதிவு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த ஆறு மூச்சுக்குள் எட்டாவது வரிசையின் இலைகள் அசையும். காற்று இல்லாத நாட்களிலும் அசையும். அங்கே ஓர் உடும்பு இருந்தது. இரண்டு முறை என் கண்ணால் பார்த்தேன். அது ஏன் அந்த நேரம் பார்த்து நகர்ந்தது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

கம்போங் செட்டிப் பையன் வேலிக்கு வந்தது இதற்குப் பிறகு. பையன் என்கிறேன், பதினேழு வயது, என்னைவிட ஒரு வயது மூத்தவன். போருக்கு முன் பள்ளியில் இரண்டு முறை சாரணர் அணியில் சேரக் கேட்டிருக்கிறான். பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர் வழிதான், ஆனால் அவர்கள் வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். சாமிக்கும் சாப்பாட்டுக்கும் சில தமிழ்ச் சொற்கள் இருக்கும், அதோடு சரி. உறுதிமொழியைத் தமிழில் சொல்லத் தெரியாதவனைச் சேர்ப்பதில்லை என்று இரண்டு முறையும் கை தூக்கி முடிவு செய்தோம். தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

சில மாலைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் “போலே மாசோக்?” என்றான். உள்ளே வரலாமா என்று கேட்டான். தோட்டத்துக்குள் வருவதை மட்டும் கேட்கவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் அவன் தெருவில் இருவரை லாரியில் ஏற்றியிருந்தார்கள். தாய் இல்லாத வீடு, அப்பாவும் அவனும்தான். பட்டை கிடைக்காவிட்டால் அடுத்து அவன்.

கொட்டகையில் உட்கார்ந்து பேசினோம்.

“அவனுக்குத் தமிழே வராதுடா. உறுதிமொழி எப்படிச் சொல்வான்?” என்றான் தலைவன்.

“லாரிக்காரன் உறுதிமொழியா கேக்கப் போறான்?” என்றான் கடைக்காரர் மகன். எங்களில் அவன் ஒருவன்தான் முஸ்லிம். அவன் அப்பா ஊரில் துணிக்கடை வைத்திருந்தார்.

“நீ சும்மா இரு. உன்னைச் சேர்த்தப்பவே பெரியவங்க வேணாம்னாங்க.”

“ஆமாங்க தலைவரே. தொப்பிக்கு மேல தொப்பி எப்படிப் போடுவான்னு மூணு கூட்டம் பேசினீங்க. கடைசில என்ன ஆச்சு? கயித்துல முடிச்சுப் போடச் சொன்னா நான்தானே முதல்ல வந்தேன்.”

எல்லாரும் சிரித்தோம். தலைவன் சிரிக்கவில்லை. “இடம் இல்ல,” என்றான்.

“பட்டை ஆணியில தொங்குது,” என்றேன்.

“அது அவனோடது.”

“இன்னொண்ணு கேட்டு வாங்கலாமா?”

“கேட்டா வந்து எண்ணுவாங்க. எண்ணினா ஏழு. அப்புறம் ஏழு பேருக்கும் பட்டை இருக்காது.”

அதில் உண்மை இருந்தது. அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து தலையை எண்ணிப் போவார். தம்பிக்குக் காய்ச்சல் என்று இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. அடுத்த முறை ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“அப்ப அந்தப் பட்டையை இவனுக்குக் கொடு,” என்றேன். “தம்பி வந்தா இவன் கழட்டிக் கொடுத்துடட்டும்.”

“தம்பி வந்து பாக்கும்போது வேற ஒருத்தன் கையில இருந்தா, நாம கைவிட்டுட்டோம்னு நினைப்பான்.”

“நினைக்கட்டுமே,” என்றான் கடைக்காரர் மகன். “நினைக்க ஆள் வந்தா போதும்.”



மறுநாள் மாலை பதிவு நடந்தது. வேலிக்கு வெளியே அவனைக் காணவில்லை, பயந்து வீட்டிலேயே இருக்கிறான் என்று நினைத்தேன். தலைவன் ஏழு பெயர்களைச் சொன்னான். எட்டாவது பெயரைச் சொன்னான். நான் மூச்சை எண்ணினேன். மூன்றாவது மூச்சில் எட்டாவது வரிசைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“உள்ளேன்.”

ஏழு மண்வெட்டிகளும் நின்றன. தலைவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அந்த உயரமான செடிகளுக்குள் நுழைந்தான். இலைகள் அவனை மூடிக்கொண்டன. உள்ளே பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து இருவர் வெளியே வந்தார்கள். தலைவனும், கை நிறையக் களையோடு கம்போங் செட்டிப் பையனும். தலைவன் கொட்டகைக்குப் போய்ப் பட்டையை எடுத்துவந்து அவன் கையில் தானே கட்டினான்.

“எட்டாவது வரிசை இவன் பாத்துக்குவான்,” என்றான். “அந்தப் பேரைச் சொன்னா இவன்தான் பதில் சொல்லணும்.”

அவனை உள்ளே கொண்டுவந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது அப்போது புரியவில்லை.

ஏன் அப்படிப் பதில் சொன்னான் என்று பிறகு ஒருநாள் அவனிடம் மலாயில் கேட்டேன். ஏமாற்றச் சொல்லவில்லை என்றான். அவர்கள் வீட்டில் வருடத்துக்கொருமுறை இறந்துபோனவர்களுக்கு இலை போட்டுச் சோறு வைக்கும்போது, ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைப்பார்களாம். அழைத்த பெயர் பதில் இல்லாமல் கீழே விழக்கூடாது. வீட்டில் உள்ள ஒருவர் “அடா” என்பார், வந்திருக்கிறார் என்று அர்த்தம். தினமும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நாங்கள் எல்லாரும் பேசாமல் இருப்பதை அவன் வேலிக்கு வெளியிலிருந்து கேட்டிருக்கிறான். பதில் சொல்ல ஆளில்லாத வீடு போலிருக்கிறது என்று நினைத்து, களை எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து, எங்கள் சொல்லைக் கற்றுக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

அவன் சொன்னது இறந்தவனுக்கான பதில். தலைவன் கேட்டது உயிரோடு இருப்பவனின் பதில். நான் இதைத் தலைவனிடம் சொல்லவில்லை.

கிராணி வந்தார், எண்ணினார். எட்டு. தம்பியின் பெயரைச் சொன்னார். “உள்ளேன்” என்றான் இவன்.

“காய்ச்சல் விட்டுச்சாப்பா?”

“உள்ளேன்.”

“சோறு தண்ணி இறங்குதா?”

“உள்ளேன்.”

“காய்ச்சல் மண்டைக்கு ஏறிடுச்சு போல,” என்று சொல்லிக் குறியிட்டுவிட்டுப் போனார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

தலைவன் அவனைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினான். தம்பியின் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். தம்பி இடக்கைக்காரன். இவன் மண்வெட்டியைப் பிடிக்கும்போதெல்லாம் தலைவன் பக்கத்தில் வந்து, அவன் கைகளை மாற்றி வைத்துவிட்டுப் போவான். மூன்றாம் வாரம் இவன் இடக்கையால் கொத்திக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கே ஒரு கணம் ஆள் மாறித் தெரிந்தது. அவனுடைய சொந்தப் பெயரைத் தோட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சாரணர் இயக்கக் கூட்டங்களில் சேர்க்கை விதிகள் பற்றி இப்போது பேச்சு வரும்போது, மொழி தெரியாதவர்களைச் சேர்த்துக்கொண்டு நம் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சிலர் பெருந்தன்மையோடு சொல்கிறார்கள். நான் எதிர்த்து வாக்களிக்கிறேன். சேர்ப்பதானால் அவரவர் பெயரோடும் பேச்சோடும் சேர்க்க வேண்டும். எனக்குக் காரணம் அந்தத் தோட்டத்தில் கிடைத்தது.

தெருவில் பிடிப்பதை விட்டுவிட்டு, வீட்டு வாரியாகப் பட்டியல் போட்டு ஆள் எடுக்கும் வழக்கம் வந்தது. உணவுக் குழுக்களில் பதிந்த பெயர்களை அதில் சேர்க்கமாட்டார்கள். எங்கள் எட்டுப் பெயர்களும் தப்பின, தம்பியின் பெயர் உட்பட. கம்போங் செட்டிப் பையனின் பெயர் எந்தக் குழுவிலும் இல்லை. ஒரு காலையில் லாரி அவன் வீட்டு வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டது. அவன் எங்களோடு தோட்டத்தில் இடக்கையால் கொத்திக்கொண்டிருந்தான். அவன் அப்பா வாசலுக்கு வந்து “அடா” என்று சொல்லி லாரியில் ஏறிக்கொண்டார். வயதைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தலை எண்ணிக்கை போதும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார். பையன் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினான். “நான் போகிறேன், அவரை விடச் சொல்கிறேன்,” என்றான் மலாயில்.

“நீ போனா ரெண்டு பேரையும் வெச்சுக்குவான்,” என்றான் கடைக்காரர் மகன்.

நான் தலைவனிடம் சொன்னேன்: “நம்ம பட்டியல்ல பேரை மாத்தணும். இவன் பேர் குழுவுல ஏறிட்டா, லாரிப் பட்டியல்ல இருந்து விழுந்துடும். அந்தப் பேர்ல போனவரை விட்டுடுவாங்க. குழுத் தலைவன் வாயால சொன்னாத்தான் மாத்துவாங்க.”

“என்னன்னு சொல்லணும்?”

“தம்பி இல்லைன்னு.”

அவன் எட்டாவது வரிசையைப் பார்த்தான். இலைகள் அசையவில்லை. நான் எண்ணவில்லை, ஆனால் ஆறு மூச்சைவிட அதிக நேரம் ஆகியிருக்கும். பிறகு சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். நானும் பையனும் பின்னால் போனோம்.

அலுவலகத்தில் அதே கிராணி இருந்தார்.

“ஐயா, ஒரு பேரை எடுத்துட்டு இன்னொரு பேர் போடணும்.”

“எந்தப் பேரை எடுக்கணும்?”

தலைவன் சொன்னான்.

கிராணி எழுதுகோலைக் கீழே வைத்தார். எங்களோடு நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அறைக்குள் ஜப்பானிய அதிகாரி தேநீர் குடிக்கும் சத்தம் கேட்டது. கிராணி குரலைத் தாழ்த்தினார்.

“காரணம் எழுதணும் தம்பி.”

“என் தம்பி இல்லைங்க.”

“என்னைக்கிலேர்ந்து? தேதிக்கு ஒரு கட்டம் இருக்கு.”

தலைவன் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சந்தைக்குப் போன நாளைச் சொன்னால் எங்கள் ஏழு பேர் கழுத்தும் போகும்.

“இன்னையிலேர்ந்து,” என்றான்.

கிராணி எழுதினார். “புதுசா சேர்றவன் பேர்?”

தலைவன் வாயைத் திறந்தான். இத்தனை வாரத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. பையனே தன் பெயரைச் சொன்னான். கிராணிக்கு அதை எழுத வரவில்லை. இரண்டாம் முறை மெதுவாகச் சொன்னான். கிராணி எழுதி, ஒரு துண்டுச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

பிடிபட்டவர்களை ரயில் நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். அப்போது அங்கே தண்டவாளம் இல்லை. அதைப் பெயர்த்து எடுத்துச் சயாமுக்கு அனுப்பியிருந்தார்கள். தண்டவாளம் முன்னால் போயிற்று, ஆட்கள் பின்னால் லாரியில் போனார்கள். கட்டைகள் பதிந்த தடம் மட்டும் மண்ணில் ஏணி போலத் தெரிந்தது. கம்பி வேலிக்குள் நூறு பேராவது இருந்திருப்பார்கள்.

காவலன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான்.

“அடா.”

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று வேலிக்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து. மற்றது என் பக்கத்திலிருந்து. காவலன் சீட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். தலைவன் பையனின் தோளைப் பிடித்துத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். காவலன் கதவை ஒரு ஆள் நுழையும் அளவு திறந்தான். அந்த மனிதர் குனிந்து வெளியே வந்தார்.

கதவு மூடுவதற்குள் தலைவன் எட்டி உள்ளே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவர் விட்டுவந்த அந்த ஒரு இடத்தில் பிறகு யாரை ஏற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.