உக்கின கட்டை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஊரின் போடன் ஏரியில் மூழ்கிக் கிடந்த, சரளைக்கல் ஏற்றும் கப்பலை இன்று கிரேன் தூக்கியது. சேற்றை மீறித் தார் மணத்தது.

எனக்கு எட்டு வயதில், அந்தக் கப்பலில் வேலை செய்த அப்பாவின் கைகளில் மணத்த அதே தார். "துறையில உக்கின கட்டை தொட்டாலே உதிருது. அதை மாத்தாமல், முதலாளி தார் பூசச் சொல்லுறான்" என்று அம்மாவிடம் திட்டியபடி சவர்க்காரம் தேய்ப்பார். அந்தக் கட்டையில்தான் கப்பலைக் கட்டுவார். ஒரு புயலில் கப்பல் இழுபட்டுப் போய் மூழ்கியது. "உன் முடிச்சுதான் அவிழ்ந்தது" என்று எல்லோர் முன்னாலும் முதலாளி அவரை வேலையிலிருந்து துரத்தினார். ஊரில், மயிலிட்டிக் கடலில் வள்ளங்களோடு வளர்ந்த அப்பா, அதன்பின் ஏரிப் பக்கமே போகவில்லை.

கப்பலின் கயிற்று நுனியில், முறிந்த அந்தக் கட்டை தொங்கியது. முடிச்சு இறுகியபடியே இருந்தது. தொலைபேசியில் சொன்னதும் அப்பா, "விடு பிள்ளை, அவனும் கிழவனாப் போனான்" என்றார்.

நான் விடவில்லை. முடிச்சோடு கட்டையை அறுத்து வாங்கி, கரையில் அந்த முதலாளி கோப்பி குடித்துக்கொண்டிருந்த மேசையில் வைத்தேன்.

"இப்ப அவிழ்த்துக் காட்டும், பாப்பம்."