சைமிரிக்கு நான் பார்த்த வைத்தியம்

திருமானூர் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாடும் ஆடும்தான். ஒருநாள் தையல் கடை வைத்திருக்கும் கவிதா போன் செய்தார்.

"அண்ணன் பெங்களூர்ல முறையா பதிஞ்சு வாங்குன அணில் குரங்கு சார். என்கிட்ட வுட்டுட்டு துபாய் போயிட்டான். இப்ப எங்கயும் ஏற மாட்டேங்குது. நாளைக்குக் கொண்டு வரட்டுங்களா?"

"கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மும்முரமாகப் படித்தேன். நோய்களை அல்ல, பெயர்களை.

மறுநாள் கூடையில் வந்தது. ஒரு சாண் உடம்பு, வெள்ளை முகம், கறுத்த வாய். சினை ஊசிக்கு மாடு பிடித்து நின்றவர்களும் கூடிவிட்டார்கள்.

"அணிலுக்கும் குரங்குக்கும் பொறந்ததுங்களா?" என்றார் ஒரு பெரியவர்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. "அசல் குரங்குதாங்க. பேரினம் சைமிரி. குடும்பம் செபிடே. முன்னாடி ரெண்டே இனம்னாங்க, இப்பப் பலதாப் பிரிச்சுட்டாங்க. நம்மூர்க் குரங்கு பழைய உலகம், இது அமெரிக்கா, புது உலகம். ரெண்டும் பிரிஞ்சு கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

"அவ்ளோ தூரத்துச் சொந்தம்னா, நம்மூரு மருந்து கேக்குங்களா சார்?" என்றார் கவிதா.

சிரித்தேன். "மருந்துக்கு ஏதும்மா ஊரு?" எலும்பு பலவீனம் என்று கண்டுபிடித்தது சரி. வைட்டமின் டி2 கலந்த கால்சியம் சிரப் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அதே கூடை. குரங்கால் கையை ஊன்றக்கூட முடியவில்லை. கவிதா அழுதார். "தைக்கிறப்ப மடியிலயேதான் சார் கெடக்கும். இப்பத் தூக்குனாலே கத்துது."

மிருகக்காட்சி சாலையில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழனைப் போனில் பிடித்தேன். அவனிடமும் பேரினத்திலிருந்துதான் ஆரம்பித்தேன்.

"நிறுத்துடா. புது உலகக் குரங்குன்னு நீயே சொல்ற. அதுங்களுக்கு டி2 சரியா வேலை செய்யாது. டி3 குடு. வகைப்பாடு எதுக்குன்னு நெனச்ச, மனப்பாடம் பண்ணவா?"

புதிதாக வேலைக்கு வருகிற டாக்டர்கள் தனியாகத் திட்டு வாங்க வேண்டாம், இதை என் செலவிலேயே கற்றுக்கொள்ளலாம்.

டோஸையும் அவனே சொன்னான். இளவெயில் காட்டச் சொன்னான். சில வாரம் கழித்துக் குரங்கு கவிதாவின் தோளில் உட்கார்ந்தே வந்தது. வந்ததும் என் தலைக்குத் தாவியது. தன் மூத்திரத்தைக் கையில் பிடித்து, காலில் தேய்த்து, மிச்சத்தை என் வழுக்கையில் துடைத்தது.

"ஐயோ சார்!"

"இந்தக் குரங்குகளுக்கு அது பழக்கம்மா" என்றேன். அதையும் படித்துத்தான் வைத்திருந்தேன். தலையை நகர்த்திக்கொள்ளத்தான் தோன்றவில்லை.