மெயின் சுவிட்ச் சவுரிமுத்து

சவுரிமுத்துவுக்குப் பாடத் தெரியாது. கிடாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் தெரியாது. ஆனால் 'மீட்டர் கேஜ்' குழுவின் நிகழ்ச்சிக்கு ஒருமுறை வந்தவர்கள், பாடினவன் பெயரை மறந்தாலும் சவுரிமுத்து பெயரை மறக்கமாட்டார்கள். பாட்டு நன்றாகச் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துகிறவன் அவன்தான். பன்னிரண்டு வருடமாக அதுதான் அவன் வாசித்த வாத்தியம்.

பிழைப்பு ரொட்டி வியாபாரம். தகரப் பெட்டி பொருத்திய மூன்று சக்கர சைக்கிளில், காலையில் கிழக்குத் தாம்பரம், மாலையில் மேற்குத் தாம்பரம் என்று சுற்றி வருவான். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியவேண்டுமென்றால் அவன் ரயில்வே கேட்டைத் தாண்டி வரவேண்டும்.

மீட்டர் கேஜ் பெரிய குழு என்று சொல்லிவிட முடியாது. ரயில்வே காலனியில் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டு அது. ஆங்கிலப் பாட்டுகளை கேசட்டில் கேட்டு அப்படியே வாசித்தார்கள். அப்படியே என்பது அவர்களுடைய நம்பிக்கை. சொந்தமாக இருந்த ஒரே பாட்டு 'பல்லாவரம் சிக்னல்'. மின்சார ரயில் ஒன்று பல்லாவரத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறது, உள்ளே இருப்பவர்கள் புழுங்குகிறார்கள், பிறகு வண்டி கிளம்புகிறது. பாட்டில் வேறு எதுவும் கிடையாது. தினமும் அந்த வண்டியில் போய்வருகிறவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவும் இல்லை.

எண்பத்து மூன்றில் ஒரு சாயங்காலம், காலனி மன்றக் கூடத்தில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் விற்பதற்காகப் பன் கொண்டுவந்த சவுரிமுத்து வாசலில் நின்றிருந்தான். ரயில் சிக்னலில் நிற்கும் இடம் வந்தபோது கரண்ட் போய்விட்டது. விளக்குகள் அணைந்தன. கிடார்கள் கொசுவைப்போல முனகின. பாடகனின் குரல் முதல் வரிசையைக்கூட எட்டவில்லை. டிரம்ஸ் வாசித்த தனசிங் மட்டும் நிறுத்தவில்லை. டிரம்முக்குக் கரண்ட் எதற்கு?

அந்த இருட்டில் சவுரிமுத்துவின் கை, அவனைக் கேட்காமலே, ரொட்டிப் பெட்டியின் மூடியில் தாளம் போட ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கத் தட்டியது. சத்தம் ஏறி, இனி ஏற இடமில்லை என்ற கட்டத்தில் கரண்ட் வந்தது. விரல்களை எடுக்காமல் இருந்த கிடார்க்காரர்கள் மூன்று பேரும் ஒரே அடியில் உள்ளே நுழைந்தார்கள். ரயில் கிளம்பிவிட்டது. கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்றது.

அடுத்த நிகழ்ச்சியில் பாட்டு அதே இடத்துக்கு வந்ததும் கூட்டம் கத்தியது.

"டேய், கரண்ட்ட நிறுத்துங்கடா!"

"கரண்டு என் கைலயாடா இருக்கு?" என்றார் தனசிங். பாட்டு கெட்டுப்போனது. இலவசம் என்று நினைத்த பன்னுக்குக் காசு கேட்டுவிட்டதுபோல ஒரு முணுமுணுப்போடு ஜனங்கள் கலைந்தார்கள்.

மூன்றாவது நிகழ்ச்சிக்கு முன்னால் தனசிங் சவுரிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சவுரி, இங்க மெயின் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"கக்கூஸ் பக்கத்துல கீதுண்ணா."

"நான் குச்சியைத் தூக்கிக் காட்டினா கீழ இறக்கிடு."

"இறக்கிட்றேன். திரும்ப ஏத்தறது எப்போ?"

"அது உனக்கே தெரியும்."

சவுரிமுத்துவுக்கு அது தெரியாது. ஆனால் அப்படி ஒருவர் சொல்லிவிட்ட பிறகு தெரியாமல் இருக்க முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி இருட்டில் நின்று காதைத் தீட்டிக்கொள்வான். சத்தம் ஏறும், ஏறும். பிறகு அவன் முதுகுத்தண்டில் ஏதோ ஒன்று 'போதும்' என்று சொல்லும். கை மேலே போகும். ஒரே ஒரு தடவைதான் தப்பியது; அன்று அவனுக்குக் கடுமையான ஜலதோஷம்.

இப்படியாக அது வழக்கமாயிற்று. கிழக்குத் தாம்பரத்தில் ரசிகர் மன்றம் வந்தது. உடனே மேற்குத் தாம்பரத்திலும் வந்தது. கிழக்கு கையால்தான் தட்டும். மேற்கோ வீட்டிலிருந்து டின் மூடி கொண்டுவரும். எங்கள் தாளம்தான் சுத்தம் என்று இரண்டும் சண்டை போட்டன. ரொட்டி வாங்க வரும் அம்மாக்களிடம் சவுரிமுத்து திட்டு வாங்காத நாள் கிடையாது.

"ஏம்பா, என் வூட்டு அரிசி டின் மூடிய பாத்தியா? அம்மை போட்ட மூஞ்சி மாதிரி கீது! அரிசில வண்டு பூந்துகினு போவுது."

"அடுத்த புரோகிராம் ஞாயித்துக்கெழம, அக்கா. மூடிய மறக்காம குடுத்தனுப்பு."

மேற்கு மன்றத்தார் ஒரு படி மேலே போனார்கள். சினிமாவுக்குச் செய்வதை ராக் பேண்டுக்குச் செய்தால் என்ன என்று தோன்றி, பெரிய டிரம்முக்கு மாலை போட்டுப் பாலாபிஷேகமும் செய்துவிட்டார்கள். தனசிங் துணியோடு ஓடிவந்தார். "டேய், அது தோலுடா! ஊறிப்போனா இட்லிப்பானை மாதிரி கேக்கும்!" அன்றைக்கு அது அப்படித்தான் கேட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

சவுரிமுத்துவுக்குக் கல்யாணம் ஆனதும் இந்த வழியில்தான். கோவிலம்பாக்கத்தில் பெண் பார்க்கப் போனபோது, பேபி என்ற அந்தப் பெண் கதவிடுக்கில் பார்த்துவிட்டு அம்மாவிடம் சத்தமாகவே கேட்டாள்: "இவருதானே கரண்ட்ட புடுங்கறவரு?" அவளும் நிகழ்ச்சிக்கு மூடி எடுத்துக்கொண்டு போனவள்தான். பிற்பாடு சண்டை வரும்போதெல்லாம் சொல்வாள்: "நான் உன்ன ரொட்டிக்காகவா கட்டிக்கினேன்? கரண்டுக்காகக் கட்டிக்கினேன்யா."

வருடங்கள் போகப் போக மேடையில் ஆட்கள் மாறினார்கள். பாடகன் துபாய்க்குப் போனான். ஒரு கிடார்க்காரன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனான். இன்னொருவனுக்கு பேங்க் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர். மூன்றாமவன் கல்யாணத்தோடு நின்றுவிட்டான். கடைசியில் ஆரம்பத்து ஆள் தனசிங் ஒருவர்தான் மிச்சம். தொண்ணூற்று நான்கில் ரயில்வே அவரையும் அரக்கோணத்துக்கு மாற்றியது.

"அந்த அஞ்சு பேருல ஒருத்தனும் இல்ல. அப்புறம் எப்பிடிய்யா அது அதே பேண்டு?" என்று பேபி கேட்டாள்.

சவுரிமுத்து வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தான். சக்கரம் மூன்றும் மாற்றியவை. ஹேண்டில்பார் மாற்றியது. பெட்டி இரண்டு தடவை துருப்பிடித்து இரண்டு தடவை புதிதாகச் செய்தது.

"இது எங்கப்பா வாங்கின வண்டிதானே?" என்றான்.

"எதுய்யா உங்கப்பா வாங்கினது? சைக்கிள் மணிய சொல்றியா?"

"நான் ஓட்றேன் இல்ல. அதனால அதே வண்டி."

அந்தப் பதில் அவனுக்கே பிடித்திருந்தது. ரொம்ப நாள் அதை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். ஆள் யார் போனாலும் மெயின் பக்கத்தில் நான் நிற்கிறேன். அதனால் அது மீட்டர் கேஜ். சிட்டிபாபு வரும்வரை அந்தக் கணக்கில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

சிட்டிபாபு குழுவின் புதிய தலைவன். இருபத்து மூன்று வயது. முன்னால் இருந்த எவரையும்விட நன்றாகக் கிடார் வாசித்தான். சவுரிமுத்துவும் இதை ஒப்புக்கொண்டான், கொஞ்சம் தாமதமாக. வாடகைக்கு ஒரு கீபோர்டும் கொண்டுவந்திருந்தான். முடிச்சூரில் நடக்கப்போகும் நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்த அன்று, சவுரிமுத்து வைத்த பன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை மெயினை இறக்க வேண்டாம். கீபோர்டுல எல்லாம் புரோகிராம் பண்ணி வெச்சிருக்கேன். கரண்ட் போனா மொத்தமும் அழிஞ்சிடும்."

"அப்ப பல்லாவரம் சிக்னலு?"

"வாசிப்போம்ணா. நிறுத்தாம வாசிப்போம்."

"சிக்னல்ல நிக்காமயா?"

"எக்ஸ்பிரஸ்னு வெச்சுக்கங்களேன்." சிட்டிபாபு சிரித்தான். கெட்ட பையன் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு. மன்றத்துப் பசங்க யாராவது மெயின்ல கை வெச்சிடுவாங்கன்னு பயமா இருக்கு. நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்துக்கணும். உங்களைத் தாண்டி ஒருத்தன் தொடமாட்டான்" என்றான்.

சவுரிமுத்து சரி என்று சொல்லிவிட்டான்.

"அப்ப நீ அங்க இன்னா பண்ணப் போற?" என்றாள் பேபி.

"காவல் காக்கப் போறேன்."

"பன்னெண்டு வருசமா நீ இறக்கின சுவிட்ச்ச நீயே காவல் காக்கப் போறியா? நல்லா கீதுய்யா உன் கதை! பேசாம இறக்கிடு. அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது."

"வாக்குக் குடுத்துட்டேன்மே."

அந்த வாரம் முழுக்க ரொட்டி விற்றபோது எல்லாரும் நிகழ்ச்சியைப் பற்றித்தான் கேட்டார்கள். யாரிடமும் அவன் விஷயத்தைச் சொல்லவில்லை. கரண்ட் நிற்காவிட்டால் ஜனங்கள் ஏமாந்து போவார்கள் என்பது ஒரு கவலை. ஒருவேளை ஏமாறாமல் போய்விட்டால்? அதுதான் பெரிய கவலை.

முடிச்சூர் நிகழ்ச்சியை நடத்தியவர் மேற்கு மன்றத் தலைவர் முனிரத்தினம். நெல் விளைந்த தன் நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். மேடைக்குக் கரண்ட் பழைய பம்புசெட் கொட்டகையிலிருந்து வந்தது. ஜனங்கள் வெள்ளையடித்த மனைக் கற்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள்.

"டேய் ஜெயவேலு, எங்கடா கீற?"

"பதினேழாம் நம்பர் மனைல கீறேன் மச்சான்! ஃப்ரிட்ஜ் வெக்கற எடத்துல!"

முனிரத்தினம் மைக்கைப் பிடித்து, கிழக்கு பார்த்த மனைகள் இன்னும் சில பாக்கி இருப்பதைத் தெரிவித்தார். பொழுது சாய்ந்ததும் நிகழ்ச்சி ஆரம்பித்தது.

சவுரிமுத்து கொட்டகைக்குள் மெயின் பக்கத்தில் நின்றான். கதவு வழியாக மேடையின் பக்கவாட்டு மட்டும் தெரிந்தது. கடைசியில் பல்லாவரம் சிக்னல் வந்தது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பாட்டு அந்த இடத்தை நெருங்கியது. கை தானாக முன்னால் வந்தது. மறுபடி கட்டிக்கொண்டான். ரயில் நிற்கும் இடம் வந்தது. கைப்பிடி அவன் மூக்குக்கு நேராக இருந்தது. அவன் தொடவில்லை. விளக்கு எரிந்தது. குழு நிற்காமல் வாசித்துக்கொண்டு போனது.

ஆனால் ஜனங்கள் நின்றுவிட்டார்கள். முதலில் ஒரு மூடி. அப்புறம் நாலைந்து. பிறகு கிழக்கு, மேற்கு என்று பார்க்காமல் மொத்த மனைப் பிரிவும் தட்ட ஆரம்பித்தது. மேடையில் ஒருவன் வாசிப்பது இன்னொருவனுக்குக் கேட்கவில்லை. புதிய டிரம்ஸ் பையன் தடுமாறிக் குச்சியை இறக்கினான். கிடார் நின்றது. கீபோர்டு மட்டும் யாருக்கும் கேட்காத தாளத்தைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தது. சிட்டிபாபு ஒரு கணம் வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு அவனே போய் அதை நிறுத்தினான்.

சவுரிமுத்து கொட்டகையை விட்டு வெளியே வந்தான்.

பன்னிரண்டு வருடத்தில் அவன் இதைப் பார்த்ததே இல்லை. இந்த நேரத்தில் அவன் எப்போதும் சுவரைப் பார்த்து நின்றிருப்பான். ஊரே இருட்டில் இருக்கும். சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறான். அந்தச் சத்தத்துக்கு இத்தனை முகம் உண்டு என்பது இன்று வெளிச்சத்தில்தான் தெரிந்தது. வண்டு புகுந்ததென்று திட்டிய அக்கா, கண்ணை மூடிக்கொண்டு அதே மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் 'மனைகள் விற்பனைக்கு' என்ற தகரப் பலகையைப் பிடுங்கி மடியில் வைத்து விளாசிக்கொண்டிருந்தார். பேபி ஒரு மனைக் கல்லின் மேல் ஏறி நின்று, நாக்கைக் கடித்தபடி, சமையல் பண்ணும்போதுகூட அவன் பார்த்திராத கவனத்தோடு தட்டிக்கொண்டிருந்தாள்.

சுவிட்ச் இறங்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. இது தெரிந்தால் மனசு உடைந்துவிடும் என்று ஒரு வாரமாகப் பயந்திருந்தான். உடைகிறதா என்று ஒரு கணம் காத்தும் பார்த்தான். உடையவில்லை. கை பரபரத்தது. வேலி ஓரம் நின்ற வண்டியிலிருந்து பெட்டி மூடியைக் கழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தான்.

"டோய், மெயின் சவுரி இங்க கீறான்டா!"

"அப்ப மெயின்ல யாரு?"

"எவனும் இல்ல!"

மேடையில் சிட்டிபாபு எப்போது நுழைவது என்று தெரியாமல் கொட்டகைப் பக்கம் பார்த்தான். அங்கே ஆளில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கிடாரை ஓங்கி மீட்டினான். ரொம்பச் சீக்கிரம்.

"ஓஓ!" என்றது கூட்டம்.

"இன்னும் சிக்னலே போடல, குந்துபா!" என்று கல்லின் மேலிருந்து பேபி கத்தினாள். சிரிப்பு மனை மனையாகப் பரவியது. சிட்டிபாபுவின் காது சிவந்தது, அவனும் சிரித்துவிட்டான். தட்டல் மறுபடி ஏறியது. இந்தத் தடவை அவன் யாரையும் பார்க்காமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். இனி ஏற இடமில்லை என்று சவுரிமுத்துவின் முதுகுத்தண்டு சொன்ன அதே கணத்தில் கிடார் உள்ளே வந்தது. ரயில் கிளம்பியது.

அடுத்த நிகழ்ச்சி சேலையூரில். சிட்டிபாபு நன்றாகப் பயிற்சி செய்து முதல் தடவையே சரியாக நுழைந்தான். கூட்டம் ஏற்கவில்லை. "தப்பா வாசிப்பா! மொதல்ல தப்பா வாசி!" என்று கத்தித் தீர்த்தது. அன்றிலிருந்து அவன் ஒருமுறை தப்பாக நுழைந்து, திட்டு வாங்கி, பிறகு சரியாக நுழைகிறான்.

அடுத்த வருடம் தனசிங் லீவு போட்டுவிட்டு அரக்கோணத்திலிருந்து ஒரு நிகழ்ச்சிக்கு வந்தார். கூட்டத்தில் சவுரிமுத்து பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"விளக்கு எரியுது. நீ இங்க நிக்கற. அந்தப் பையன் வேற தப்பா வாசிக்கிறான். என்னடா இதெல்லாம்?"

"அது ஒண்ணும் இல்லண்ணா. நம்ம பேண்டுல பழைய வழக்கம்" என்று சொல்லி, சவுரிமுத்து அவர் கையில் ஒரு மூடியைக் கொடுத்தான்.