பூஜ்ஜியத்தில் நின்ற முள்

பிரஷர் மெஷின் கீழே விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கிய பையின் கைப்பிடி அறுந்து, மெஷின் சாலையோரக் கல்லில் போய் மோதியது. அக்கா வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிப்போய் எடுத்தாள். கைப்பட்டை கிழியவில்லை. ரப்பர் பந்து நசுங்கவில்லை. வட்ட முகப்பின் கண்ணாடியில் மட்டும் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். முள் ஒன்றுமே நடக்காததுபோல பூஜ்ஜியத்தில் நின்றது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்து பட்டையைத் தன் கையில் சுற்றினாள், பந்தை அமுக்கினாள், குழாயைக் காதில் வைத்துக் கேட்டாள். நூற்றிருபது. பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருக்கிற அதே எண்.

"கெட்டிதாண்டா நீ" என்று மெஷினைத் தட்டிக்கொடுத்துப் பைக்குள் வைத்தாள்.

பன்னிரண்டு வருஷ வேலையில் அதற்குமுன் ஒரு தடவைகூட அவள் தன் கையில் பட்டையைச் சுற்றியதில்லை. அளக்கப் போகிறவளுக்கு யார் அளப்பது? அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் முதலில் தன் கை. நூற்றிருபது வந்தால் மெஷின் சரி. பிறகுதான் அடுத்தவர் கை.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஊர் சுகாதாரப் பணியாளர் வேலை அவளுக்குக் கிடைத்ததற்குக் காரணம் படிப்பு இல்லை. கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். விண்ணப்பம் போட்ட ஐந்து பெண்களில் அவளுக்கு மட்டும்தான் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்திருந்தது. அவள் பொறுப்பில் இருநூற்றெண்பது வீடு. கர்ப்பிணிகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவளையும் பிறந்ததையும் மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று கணக்கு வைத்துப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே பெண்கள் பின்வாசல் வழியாக நழுவினார்கள். "வந்துட்டாடி பையைத் தூக்கிக்கிட்டு" என்று கதவைச் சாத்தினார்கள். அவர்கள் தாங்களாகக் கையை நீட்ட நான்கு வருஷம் ஆனது.

இப்போது நீட்டுகிறார்கள். முள் இறங்கியதும் அக்கா சொல்வது ஒரே வசனம்தான்: "நூத்திருபதுக்குள்ளதான் இருக்கு. போய் வேலையைப் பாரு." அதனால் அவளுக்கு நூத்திருபது அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு சிலருக்கு முள் தொண்ணூறுக்கும் கீழே போனது. "காத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுவே போல. நல்லா சாப்பிடு" என்று திட்டிவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை நினைவுபடுத்திவிட்டு வருவாள். இத்தனை பேருக்கு ஏன் இவ்வளவு கீழே இறங்குகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

சாயங்காலமானால் அவளுக்கே பின்மண்டை வலிக்கும். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பாள். லாரி ஓட்டும் கணவன் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருப்பான்.

"ஊருக்கெல்லாம் பாக்கறே. உனக்கும் ஒரு தடவை பாத்துக்கயேன்."

"தினமும்தான் பாக்கறேன். நூத்திருபது. வெயில்ல வண்டி ஓட்டறேன், தலை வலிக்காம வேற என்ன பண்ணும்?"

இப்படி மூன்று மாதம் போனது.

தையல்காரிக்கு முதல் பிள்ளை, எட்டாம் மாதம். கணவன் வேலைக்காகத் தூரத்து நகரத்தில் இருக்கிறான். வீட்டில் அவளும் மாமியாரும்தான். வாசலைப் பார்த்த அறையில் தையல் மெஷின். பக்கத்தில் இடுப்புயரத்துக்குப் பள்ளிச் சீருடை. அக்கா போனபோது அவள் நூல் நுனியை எச்சில் தொட்டுத் தொட்டுக் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசிக் கண்ணே தெரிய மாட்டேங்குதுக்கா. நூலு ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன். நடுவுல பூச்சி பறக்கற மாதிரி மினுக் மினுக்குங்குது."

"விடிஞ்சதுலேருந்து குனிஞ்சே உக்காந்திருந்தா பூச்சியும் பறக்கும், யானையும் பறக்கும்."

"தலையும் வலிக்குதுக்கா."

"எனக்குந்தான் வலிக்குது. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?" அக்கா குனிந்து பார்த்தாள். "அதென்ன, புருஷன் செருப்பை மாட்டிக்கிட்டுத் திரியறே? அவ்வளவு ஏக்கமா?"

தையல்காரி சிரித்தாள். "என்னோடது உள்ள போகலக்கா. காலு பன்னு மாதிரி ஆயிடுச்சு."

தலைவலி, கண்ணில் மினுக்கல், வீக்கம். பயிற்சிப் புத்தகத்தில் இந்த மூன்றுக்கும் தனிப் பக்கம், சிவப்பு எழுத்து. சிறுநீரில் உப்பு இறங்குகிறதா என்று பார்க்கும் காகிதம் தீர்ந்து இரண்டு மாதமாகிறது. கேட்டால் வரும் வரும் என்கிறார்கள். மிச்சம் இருப்பது மெஷின் ஒன்றுதான். பட்டையைச் சுற்றினாள். மேல் எண் நூற்று முப்பத்தாறு. இன்னொரு தடவை அமுக்கினாள். அதே நூற்று முப்பத்தாறு.

நூற்று நாற்பதைத் தொட்டால் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். முகப்பில் இரண்டு சின்னக் கோடு பாக்கியிருந்தது.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என்னம்மா, தாண்டலையே?"

"தாண்டல பெரியம்மா. கொஞ்சம் கூடத்தான் இருக்கு. நல்லா படுத்துத் தூங்கட்டும். ரெண்டு நாள்ல வரேன்."

அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வண்டியைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தாள். தையல்காரி மறுபடியும் ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

மறுநாள் மாதாந்திரக் கூட்டம். சுகாதார நிலையத்தின் நீளக் கூடத்தில் இருபது பணியாளர்கள், ஒரே மின்விசிறி. சூப்பர்வைசர் பட்டியலைப் புரட்டினார்.

"இவங்க ஏரியாவைப் பாருங்க. மூணு மாசமா ஒரு கர்ப்பிணிக்குக்கூட பிரஷர் இல்ல! என்னம்மா, தண்ணியில ஏதாவது கலக்கறீங்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். புதிதாக வந்திருந்த மின்சாரப் பிரஷர் மெஷினை எப்படிக் கையாள்வது என்று காட்ட நர்ஸுக்கு ஒரு கை தேவைப்பட்டது. "கைதட்டு வாங்கினவங்களே வரட்டும்" என்றது ஒரு குரல். அக்கா முன்னால் போய் உட்கார்ந்தாள். பட்டை உறுமிக்கொண்டு இறுகியது, தளர்ந்தது. திரையில் எண் வந்தது.

நூற்று நாற்பத்தெட்டு.

"கூட்டம்னதும் அக்காவுக்கு டென்ஷன்!" கூடம் சிரித்தது. நர்ஸும் சிரித்துக்கொண்டே, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி அழுத்தினாள். நூற்று நாற்பத்தெட்டு. பிறகு மேஜை மேலிருந்த நிலையத்தின் பழைய மெஷினை எடுத்துப் பார்த்தாள். நூற்று ஐம்பது.

நர்ஸின் முகத்தில் சிரிப்பு நின்றது. "உங்களுக்கு எப்பலேருந்து பிரஷர்க்கா?"

அக்கா பைக்குள் கையை விட்டுத் தன் மெஷினை எடுத்து நீட்டினாள். நர்ஸ் அதைச் சுற்றி அமுக்கிக் கேட்டாள். நூற்றிருபது.

"இது எப்பவாவது கீழ விழுந்துச்சா?"

"மூணு மாசம் முன்னாடி. ஆனா முள்ளு பூஜ்ஜியத்துலதான் நிக்குது, பாருங்க."

"பூஜ்ஜியத்துக்கிட்ட சின்னதா ஒரு தடுப்பு இருக்குக்கா. முள்ளு இடம் மாறிக் கீழ இறங்கினாலும் அதுல முட்டி நின்னுடும். பாக்கறதுக்கு ஒழுங்காத்தான் தெரியும்."

இருபத்தெட்டு குறைவு. கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவளுக்கு இந்தக் கூட்டல் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. நூற்று முப்பத்தாறும் இருபத்தெட்டும் நூற்று அறுபத்து நான்கு.

சுற்றிலும் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போனை எடுத்தாள். ஏழெட்டு தடவை அடித்த பிறகு மாமியார் எடுத்தாள்.

"பெரியம்மா, மருமக என்ன பண்றா?"

"தூங்கறா. காலையிலேருந்து எழுந்திருக்கவே இல்ல. நீதானே நல்லா தூங்கச் சொன்னே?"

ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. திரும்பி வர நாற்பது நிமிஷம் என்றார்கள். ஸ்கூட்டரில் போனால் இருபத்தைந்து. அக்கா புது மெஷினைக் கையோடு தூக்கிக்கொண்டாள். சூப்பர்வைசர், "இன்னும் கையெழுத்தாகலம்மா, பதிவாகல" என்று பின்னாலேயே வந்தார். நர்ஸ் குறுக்கே கையை நீட்டி அவரை நிறுத்தினாள். "நீங்க போங்கக்கா. ஆம்புலன்ஸ் வந்ததும் அங்க அனுப்பறேன். இங்க வலிப்பு ஊசி தயாரா வைக்கறேன்."

தையல் மெஷினடியில் வெட்டிப் போட்ட நூல் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றின் நுனியும் எச்சில் பட்டு நசுங்கியிருந்தது. ஊசி கோர்க்கப்படவேயில்லை. உள்ளறை ஜன்னலைப் போர்வையால் மூடியிருந்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். தையல்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நெஞ்சுக்குழில எரியுதுக்கா" என்றாள். குரல் குழறியது.

புது மெஷின் உறுமி ஓய்ந்தது. நூற்று எழுபத்திரண்டு.

"பெரியம்மா, துணி எடுத்து வைங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மாமியார் நகரவில்லை. ஸ்கூட்டர் வந்த வேகத்தைப் பார்த்துத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் கூடிவிட்டிருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே அவள் பேசினாள்.

"நேத்து தாண்டலேன்னே. நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டே. இன்னைக்குப் புது மெஷின் வந்ததும் என் மருமகளுக்கு வியாதி வந்துடுச்சா? அதுக்குப் போணி பண்ண என் வீடுதான் கிடைச்சுதா?"

"புதுசு தகராறு பண்ணுதோ என்னமோ" என்றாள் வாசலில் ஒருத்தி. "நம்ம அக்காவோட பழைய மெஷின் பொய் சொல்லவே சொல்லாது."

நான்கு வருஷம் நடையாய் நடந்து நீட்ட வைத்த கைகள் எல்லாம் அந்த வாசலில்தான் நின்றன. இப்போது சொல்லப்போவதை அவர்கள் மறக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் உள்ளே படுத்திருப்பவள் சாயங்காலம் வரை தாங்க மாட்டாள். எது முதலில் என்று யோசிக்க நேரமில்லை.

பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். எண்ணை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினாள். நூற்று ஐம்பத்தாறு. பழைய மெஷினை எடுத்து அதே கையில் சுற்றி அமுக்கினாள். முகப்பில் முள் எங்கே துடிக்கிறது என்று மாமியாரையே பார்க்கச் சொன்னாள். நூற்றிருபத்தெட்டு.

"எனக்கே பிரஷர் இருக்கு பெரியம்மா. எனக்கே தெரியல. மெஷின் விழுந்து கெட்டுப்போச்சு. என் கையை வச்சு அது சரின்னு நம்பினேன். மூணு மாசமா இந்த ஊர்ல நான் சொன்ன எண் ஒண்ணுகூட நிஜமில்ல. நேத்து உங்ககிட்ட சொன்னதும் தப்பு. என்னை அப்புறமா என்ன வேணா திட்டுங்க. இப்ப இவளைத் தூக்கணும்."

பின்வரிசையில் நின்ற ஒரு கர்ப்பிணி, தன் வயிற்றின்மேல் மெதுவாகக் கையை வைத்துக்கொண்டாள்.

மாமியார் திட்டவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்தாள். பை இரண்டு தடவை கைநழுவிக் கீழே விழுந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றியபோது மணி ஒன்றரை, உச்சி வெயில். "யாருக்கா டார்ச் அடிக்கறது? நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் தையல்காரி. சுகாதார நிலையத்தின் கேட்டுக்குள் வண்டி திரும்பும்போது அவள் தாடை ஒரு பக்கம் இழுத்தது, கண் மேலே சொருகியது, கை கால் வெட்டத் தொடங்கியது. நர்ஸ் ஊசியோடு படியிலேயே நின்றிருந்தாள்.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. அன்று மாலையே அறுவை. பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள். அம்மாவுக்கு இரண்டு நாள் பார்வை தெரியவில்லை. மூன்றாம் நாள் மாமியாரின் முகத்தைப் பார்த்து, "ஏன் அழுவறீங்க?" என்று கேட்டாளாம். போனில் அதை மட்டும் சொல்லிவிட்டு மாமியார் வைத்துவிட்டாள்.

மெஷின் விழுந்த நாளிலிருந்து அவள் பார்த்த கர்ப்பிணிகள் மொத்தம் பதினொரு பேர். தையல்காரி போக மற்ற பத்துப் பேரின் வீட்டுக்கும் புது மெஷினோடு போனாள். ஒன்பது வீட்டில் ஒரே பேச்சு: "முதல்ல உங்க கையில போட்டுக் காட்டுங்க." காட்டினாள். அவள் மாத்திரை தொடங்கியும் எண் இன்னும் இறங்கவில்லை. அதை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தந்தார்கள். ஒருத்தி தரவேயில்லை, பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். மறுநாள் நர்ஸ் வந்துதான் பார்த்தாள். இரண்டு பேரை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

பத்தாவது வீடு பூட்டியிருந்தது. அந்தப் பெண் பத்து நாள் முன்பு பிரசவத்துக்கு அம்மா வீடு போய்விட்டாள். ஆறு மணி நேரப் பயணம். அவள் போன் அணைந்து கிடந்தது. அந்த ஊர்ப் பணியாளரின் எண்ணைத் தேடிப் பிடிக்க மதியம் வரை ஆனது. பூட்டிய வீட்டின் படியிலேயே உட்கார்ந்து அக்கா பேசினாள்.

"அந்தப் பொண்ணா? ரெண்டு தடவை போய்ப் பாத்தேன்க்கா. முகமெல்லாம் கொஞ்சம் உப்பின மாதிரி இருந்துச்சு. ஆனா உங்க அட்டையைக் காட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் நூத்திருபதுக்குள்ளன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அதான் நான் எதுக்கு மறுபடி பாக்கணும்னு விட்டுட்டேன்."

"இப்பப் போய்ப் பாரும்மா. இப்பவே. போனை வைக்காத."

அந்தப் பக்கம் செருப்பைத் தேடும் சத்தம், கதவுச் சத்தம், பையைத் தூக்கும் சத்தம். அக்கா காதோடு போனை அழுத்திக்கொண்டாள்.

"பையில மெஷின் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"அது எப்பவாவது கீழ விழுந்திருக்கா?"

நடை நின்றது.

"போன மாசம் ஒரு தடவை" என்றாள் அவள். "ஆனா முள்ளு பூஜ்ஜியத்துலதான் நிக்குது."