அம்மா அப்பாவைத் துரத்திய நாள்

எங்கள் குப்பத்தில் புருஷனை வீட்டைவிட்டுத் துரத்திய பெண்கள் இருந்திருக்கிறார்கள். கரைக்கு வந்தவனைத் திரும்பக் கடலுக்கே துரத்தியவள், எனக்குத் தெரிந்து, என் அம்மா ஒருத்திதான். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு உலகத்தில் தெரியாதது எதுவும் இல்லாத காலம் அது. அதனால் வேறு விளக்கம் எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஊரூர் குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல். வடக்கே கொஞ்சம் நடந்தால் அடையாறு கடலில் சேருமிடம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே மரத்தில் தொழிலுக்குப் போவார்கள். மரம் என்றால் கட்டுமரம். ஃபைபர் போட்டெல்லாம் அப்போதுதான் ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருந்தது, நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்து, ஒருவரும் கடலில் இறங்காமல் குப்பமே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு கிடந்தது. ஒருநாள் விடியும் முன்னே மழை சற்று விட்டதும் அப்பா துடுப்பை எடுத்தார். கடல் அடங்கிவிட்டது என்றார். அடங்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது என்றாள் அம்மா. வார்த்தை தடித்தது. அப்பா கஞ்சிகூடக் குடிக்காமல் சட்டியை நகர்த்திவிட்டு எழுந்தார். அம்மா வாசல் வரை போய்ச் சொன்னது எனக்குப் பாயில் படுத்தபடியே கேட்டது.

"போனா அப்டியே போய்டு. திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காத, சொல்ட்டேன்."

நான் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

பொழுது விடிந்த கொஞ்ச நேரத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் லீவு. பக்கத்தில் போயிருந்த மரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன. அப்பாவுடைய மரம் மட்டும் தூரம் போயிருந்தது. இந்த நேரம் பார்த்து ஆறு தன் வேலையைக் காட்டியது. அடையாற்று வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை மழைத்தண்ணீர் உடைத்துக்கொண்டு கிளம்பி, செம்மண் நிறத்தில் எங்கள் கரைக்கு நேரே வந்து கடலோடு மோதியது. ஆறும் கடலும் முட்டிக்கொண்ட இடத்தில் அலைக்கு வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. எழுந்த இடத்திலேயே விழுந்தது. அதில் கட்டுமரம் சிக்கினால் கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தால் தண்ணீருக்கு முன்னால் அந்த மரமே ஆளை அடித்துக் கொன்றுவிடும்.

அப்பாவும் சித்தப்பாவும் கிளம்பியபோது ஆறு அடைத்துக் கிடந்தது. அது உடைந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மதியம் போல அலைக்கு அந்தப் பக்கம் மரம் தெரிந்தது. மரத்தின் மேல் இரண்டு பேர், சின்னதாக, கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

கடலிலிருந்து வருகிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும். அது எங்கே உடைகிறது, எப்படி உடைகிறது என்பது கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால் கரையிலிருந்து துணி காட்டுவார்கள். மேலும் கீழுமாக ஆட்டினால், வா. ஒரே பக்கமாக வீசினால், இங்கே வராதே, அந்தப் பக்கம் போ. அன்றைக்கு ஆண்கள் கூடி நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பெரிய அலைகள் போனதும் ஒரு சந்து கிடைக்கும், கூப்பிடலாம் என்றார் ஊர்த் தலைவர். கிடைக்காது என்றார்கள் சிலர். துணியை மட்டும் யாரும் தூக்கவில்லை. தூக்கியவன் தலையில் அல்லவா பழி விழும்!

அம்மா நேராகப் போய்த் தலைவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவினாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று அதைத் தெற்கே பார்த்து வீச ஆரம்பித்தாள். போ, போ, போ என்று உடம்பே அசைய வீசினாள். சித்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தொங்கினாள். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அவள் குப்பத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

"அக்கா, கூப்புடுக்கா. கண்ணுக்கு எதிர்ல கீறாங்க, தொரத்துறியே."

"இங்க வந்தா பொணந்தான்டி வுழும். கைய வுடு."

சித்தியை உதறிவிட்டு அம்மா மறுபடி வீசினாள். பிணம் விழும் என்று அவள் சொன்னதை நான் மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டேன். விடிகாலையில் வாசற்படி மிதிக்காதே என்றவள், இப்போது கரையையே மிதிக்க விடவில்லை. இப்படியும் ஒரு பொம்பளைக்கு வைராக்கியம் இருக்குமா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா துடுப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மரம் திரும்பியது. தெற்கே போய், மழைக்குள் மறைந்தே போனது.

அதற்கப்புறம் குப்பமே கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தி அம்மா பக்கம் திரும்பவே இல்லை. மற்ற பெண்களும் ஒரு கை தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை, துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் அவளுக்குப் பின்னால் போய், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

அந்தக் கோபத்தால் ஒரு லாபம். பொழுது சாயும் நேரத்தில் பெசன்ட் நகர் பக்கமிருந்து, யாரோ கொடுத்த உலர்ந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு, தோளில் துடுப்போடு இரண்டு பேர் நடந்து வந்ததை முதலில் பார்த்தது நான்தான். குப்பம் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் ரோட்டு வழியாக வந்தார்கள்! நீலாங்கரைக்கும் அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் அலை நல்லபடியாக இருந்ததாம். அந்த ஆட்கள் தண்ணீரில் இறங்கி மரத்தை இழுத்துவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றியிருக்கிறார்கள். மரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்குத் துடுப்பை விட மனம் வரவில்லை. பஸ்ஸில் ஒரு அம்மாள் அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொல்லித் தகராறு செய்தாளாம்.

இதெல்லாம் பிறகு கேட்டது. அப்போது நான் செய்தது, ஓடிப் போய் அப்பாவை வழிமறித்ததுதான்.

"யப்பா, வூட்டுக்கு வராத. அம்மா திரும்பத் தொரத்தும். சித்தி வூட்டுக்குப் போய்டு."

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

"துண்டு வீசனது ஒங்கம்மான்னு தெரிஞ்சிதான் மரத்த திருப்பனேன். வேற யார்னா காட்டியிருந்தா உள்ள வுட்டிருப்பேன்."

எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. பாவம், மனுஷன் நன்றாகப் பயந்துபோயிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

அதற்குள் கரையே திரும்பிப் பார்த்துவிட்டது. சித்தி ஓடிவந்தவள் சித்தப்பாவிடம் போகாமல், அம்மா மேல் போய் விழுந்து கட்டிக்கொண்டாள். அவசரத்தில் ஆள் மாறிக் கட்டிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்து, அவர் முன்னால் தட்டை வைத்தாள். பரிமாறும்போது வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் தாங்கிக்கொண்டாள். அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், விறகு எடுத்து வருவதாகச் சொல்லிக் கொல்லைப் பக்கம் போனாள். சந்தேகப்பட்டு நானும் பின்னாலேயே போனேன். சுவரோரம் குந்தி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

இவ்வளவு பாடுபட்டுத் துரத்தியும் மனுஷன் திரும்பி வந்துவிட்டாரே என்றுதான் அழுகிறாள் என்று முடிவு செய்தேன். சத்தமில்லாமல் உள்ளே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன்.